பரீட்சையில் தேறிய கால்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே உன் அம்மா முழு நலம், நான் முக்கால் நலம், மீதி இருக்கிற காலில்தான் தகராறு. நீ அங்கே நல்லபடியாக இருப்பாய் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன், அதைச் சொன்னால்தான் மற்றது வரும். போன செவ்வாய்க்கிழமை தபால் ஆபீஸில் வரிசையில் நிற்கிறேன், எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள். புது பேண்ட்டைப் பார்க்கிறார்களாக்கும் என்று நான் கொஞ்சம் நிமிர்ந்துகூட நின்றேன். பின்னால் நின்ற ஒரு அம்மா மெதுவாக, இன்னொரு செருப்பு எங்கே சார் என்று கேட்டார். குனிந்து பார்த்தால் வலது கால் வெறும் கால். செருப்பு தெருமுனை மருந்துக்கடை வாசலில் அநாதையாகக் கிடந்தது. அவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறேன், கழன்றது காலுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. இதைப் போனில் சொன்னால் நீ குறுக்கே கேள்வி கேட்பாய், நான் ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுவேன். காகிதம் குறுக்கே பேசாது, அதனால் கடிதம்.

இது இன்று நேற்று வந்ததில்லை, ஒன்றரை வருஷம் ஆகிறது. முதலில் கார்பெட் தடுக்கியது, கார்பெட்டைத் திட்டினேன். பிறகு வாசல்படி தடுக்கியது, கொத்தனாரைத் திட்டினேன். ஒன்றுமே இல்லாத சமதரையிலும் தடுக்கியபோதுதான் திட்ட ஆள் இல்லாமல் போனது. வலி என்று ஒன்று இருந்தால் டாக்டரிடம் காட்டிக் கொடுக்கலாம், எனக்கு அதுவும் இல்லை, கால் சொன்னபடி கேட்கவில்லை, அவ்வளவுதான். உன் அம்மா எலும்பு டாக்டரிடம் நாள் வாங்கினாள். அங்கேதான் நான் என் புத்தியைக் காட்டினேன். இருபத்தாறு வருஷமாக டிரைவிங் ஸ்கூலில் அடுத்தவனைப் பரீட்சைக்குத் தயார் பண்ணியவன் இல்லையா, டாக்டர் என்ன கேட்பார் என்று விசாரித்து வைத்துக்கொண்டு, நம் வீட்டு நடையில் சாக்பீஸால் கோடு போட்டு இரண்டு வாரம் பயிற்சி எடுத்தேன். பார்வை நேரே, தோள் தளர்வாக, தொடையிலிருந்து காலைத் தூக்கி வை, என் மாணவர்களுக்குச் சொல்கிற மாதிரி எனக்கே சொல்லிக்கொண்டேன். அம்மா சமையலறை வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டாள். டாக்டரைப் பார்க்கப் போன அன்றைக்குக் கயிறு கட்டிய ஷூவை இறுக்கிப் போட்டுக்கொண்டு அவர் முன்னால் நடந்தேன் பார், பட்டாளத்துக்காரன் தோற்றான். நடை இயல்பு, வயதின் தளர்ச்சி என்று எழுதிக் கொடுத்தார். பாஸ் ஆகிவிட்டேன் என்று வீட்டுக்கு வந்து உன் சித்தப்பாவுக்குப் போன் போட்டுப் பெருமை அடித்தேன். அதற்கப்புறம் போன இரண்டு டாக்டர்களும் அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு, ஒருவர் சத்து மாத்திரை கொடுத்தார், ஒருவர் இடுப்புக்கு பெல்ட் கொடுத்தார். அப்படியே ஐந்து மாதம் போனது, வலது கெண்டைக்கால் சதையும் கூடவே போனது.

அப்புறம் நடந்ததை அம்மாவிடம்கூட முழுதாகச் சொல்லவில்லை. பேக்கரி வைத்திருக்கும் ஒரு அம்மா என்னிடம் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வந்துகொண்டிருந்தார், கெட்டிக்காரி. பள்ளிக்கூடத் தெரு இறக்கத்தில் ஒரு பெரியவர் பையோடு குறுக்கே வந்தார். அந்த அம்மா பதறிவிட்டார், சரி என்று நான் வாத்தியார் பக்கம் வைத்திருக்கிற இன்னொரு பிரேக்கை மிதித்தேன். மிதித்தேன் என்றுதான் நினைத்தேன். கால் பிரேக்குக்குப் பக்கத்தில் தரையில் சும்மா கிடந்தது. அந்த அம்மாதான் ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். வண்டி நின்றபோது முன்பக்கம் பெரியவரின் பையைத் தொட்டிருந்தது, அவரைத் தொடவில்லை. "சார், நீங்க மிதிக்கலையா?" என்று அந்த அம்மா கேட்டார். நீங்க மிதிக்கிறீங்களான்னு பார்த்தேன் என்று சொன்னேன். என்ன வாய் பார் எனக்கு. சாயங்காலமே முதலாளியிடம் சாவியைக் கொடுத்துவிட்டேன். இரண்டு மாதமாக வேலைக்குப் போகவில்லை, லீவில் இருக்கிறேன் என்று உன்னிடம் சொன்னது அதுதான்.

பிறகு நரம்பு டாக்டரிடம் போனோம். உன் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. அங்கேயும் நான் ஷூவை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஆரம்பித்தேன். நாலு எட்டு வைப்பதற்குள் நிறுத்திவிட்டார். "ஐயா, எனக்காக நடக்காதீங்க. வீட்டுக்குப் போற மாதிரி நடங்க" என்றார். அம்மா பொறுக்க முடியாமல் சாக்பீஸ் கதையைப் போட்டு உடைத்தாள். டாக்டர் சிரிக்கவில்லை. குதிகாலில் நில்லுங்கள் என்றார், இடது கால் எப்படியோ நின்றது, வலது கால் பாதம் தொங்கிவிட்டது. ஊசி குத்தி, கரண்ட் வைத்து, நரம்பில் சேதி எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்த்தார்கள். முதல் நாள் மாணவன் முதல் கியரில் ஓட்டுகிற வேகம்தான். குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா என்று கேட்டார், இல்லவே இல்லை என்று நானும் அம்மாவும் சேர்ந்தே சொன்னோம். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அப்போதுதான் என் அப்பா ஞாபகத்துக்கு வந்தார். நீ பார்த்ததில்லை. தெருவில் அவருக்குப் பெயரே தள்ளாட்டம். அச்சாபீஸில் எழுத்துக் கோர்ப்பவர், நாற்பத்தெட்டு வயதில் குடித்துவிட்டு வருகிறான் என்று வேலையை விட்டு அனுப்பினார்கள். முதலில் நான் குடிக்கிறதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார், அப்புறம் சொல்வதை விட்டுவிட்டார். அவரிடம் ஒரு நாள்கூட நான் அந்த வாடையை முகர்ந்ததில்லை மகளே. ஆனாலும் நம்பினேன். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அவர் எதிரே வந்தால் அந்தப் பக்கத்து ஓரத்துக்குப் போய்விடுவேன்.

மறுநாளே போய் டாக்டரிடம் சொல்லிவிட்டேன். எழுதிக்கொண்டு, ரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்பியிருக்கிறார், பதில் வர ஆறு வாரம் ஆகுமாம். நோயின் பெயர் தெரிந்தால் மருந்து உண்டா என்று கேட்டேன். இப்போதைக்கு இல்லை, காலுக்குப் போடத் தாங்கு பட்டை உண்டு, பயிற்சி உண்டு என்று ஒளிக்காமல் சொன்னார். அப்புறம் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். ஒரே பெண் என்றேன். இது ரத்தத்தில் வருகிற வகையாக இருந்தால் பெண்ணுக்கும் வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு, ஒரு தடவை பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்றார். அதற்குப் பிறகு அவர் பேசியது எதுவும் என் காதில் ஏறவில்லை.

அம்மா இதைப் படிக்கவில்லை, அவளுக்கு ரத்தப் பரிசோதனை வரைதான் தெரியும். நீ பதறிக்கொண்டு டிக்கெட் போடாதே. நான் சமையலறை வரை நன்றாகவே நடக்கிறேன், சாப்பாட்டு நேரத்தில் இன்னும் நன்றாக. மாப்பிள்ளையிடம் மறைக்காமல் சொல்லிவிட்டு, அங்கே நல்ல நரம்பு டாக்டர் ஒருவரைப் பார், இந்த மாதமே பார். தாத்தாவைப் பற்றிக் கேட்டால், அவர் குடிக்காத மனுஷன் என்று சொல். வேளைக்குச் சாப்பிடு. நீ நூறு வயசு நல்லபடியாக இருக்க வேண்டும், அப்பாவுக்கு வேறு வேண்டுதல் கிடையாது. போன ஞாயிற்றுக்கிழமை ரயில் நிலையப் படியில் மறுபடியும் தடுக்கி விழப் பார்த்தேன் என்று நீ போனில் சிரித்தாயே, பார்த்து நடக்கக் கூடாதா என்று அம்மா திட்டினாள், பக்கத்திலிருந்து நானும் சிரித்தேன். எந்தக் கால் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

உன் அப்பா