வேனின் முன்வாசலுக்கு ஒரு விளக்கு

மார்ச் 3, செவ்வாய்

எங்கள் பெண் எலிக்குட்டிக்கு இன்றோடு இரண்டரை வயது. துணி இரண்டு தடவை துவைத்தாயிற்று. மடிக்கவில்லை. சோபாவில் மலை மாதிரி கிடக்கிறது. அதன் ஓரத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

மத்தியானம் இவருக்கு வேலை சீக்கிரம் முடிந்தது. வந்ததும் வேனின் முன்வாசலை விரித்துப் பார்த்தார். கடையில் அதற்கு ஆனிங் என்று பெயர். வேனின் பக்கவாட்டில் ஒரு நீளப் பெட்டி. கைப்பிடியை மாட்டிச் சுற்றினால் உள்ளே சுருண்டிருக்கும் துணி வெளியே வந்து, இரண்டு கால் ஊன்றி, கூரையாக நிற்கும். வாங்கிய அன்றே இவர் 'நம்ம வீட்டு முன்வாசல்' என்றார். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வீடு என்பது ஒரு பழைய சாமான் வேன். உள்ளே கட்டில், ஒற்றை அடுப்பு, கை கழுவ ஒரு தொட்டி, எல்லாம் இவர் கைவேலை. பதினான்கு மாதம் ஆகிறது. ஒரு ராத்திரிகூட அதில் நாங்கள் தூங்கியதில்லை.

"இருபதாம் தேதியிலேர்ந்து நாலு நாள் லீவு சொல்லிட்டேன். ஏரிக்கரையில வேன் நிறுத்த இடமும் பதிவு பண்ணியாச்சு," என்றார்.

"ராத்திரி அங்க வெளிச்சம் இருக்குமா?"

"நட்சத்திரம் இருக்கும்."

நான் சிரிக்கவில்லை. இவர் கைப்பிடியைத் துடைத்து வைத்துவிட்டு, "இந்த தடவையும் போகலன்னா வேன வித்துடலாம்மா. கோவத்துல சொல்லல," என்றார்.

கோபத்தில் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

மார்ச் 4, புதன்

வெளிச்சம் எதற்கு? எனக்கே ஒருமுறை எழுதிக் காட்டிக்கொள்கிறேன்.

போன ஜூலையில் ஒரு ராத்திரி எலிக்குட்டி இருமினாள். சாதாரண இருமல் என்று நினைத்து, விளக்கைப் போடாமல், இருட்டிலேயே முதுகைத் தட்டிக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம்? பத்து நிமிஷமா, அரை மணியா, இன்றுவரை தெரியாது. அப்புறம் விளக்கைப் போட்டேன். உதடு நீல மை பூசின மாதிரி இருந்தது.

ஆஸ்பத்திரியில் நான்கு நாள். கிளம்பும்போது டாக்டர் நிறையச் சொன்னார். எனக்கு ஒன்றுதான் தங்கியது: "உதட்டு நிறத்தப் பாத்துக்குங்க. நீலம் தட்டினா யோசிக்காம வந்துடுங்க."

அன்றிலிருந்து எங்கள் அறையில் விளக்கு அணைந்ததில்லை. இவர் முகத்தின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்கப் பழகிவிட்டார்.

அதனால் இன்று சொன்னேன். "முன்வாசலுக்கு விளக்கு போட்டுக் குடுங்க, வரேன். பளிச்சுனு இருக்கணும். உதடு தெரியணும்."

"போட்டாப் போச்சு. இருட்டுல மாட்டிக்கிட்டவங்கள வெளிய எடுக்கிறதுதானே என் பொழப்பே."

லிஃப்ட் மெக்கானிக். பதில் எப்போதும் தயாராக இருக்கும்.

மார்ச் 7, சனி

விளக்குக் கடை. பொட்டுப் பொட்டாக விளக்கு பதித்த எல்.இ.டி. நாடா, ஒரு சுவர் முழுக்கச் சுருள் சுருளாய்த் தொங்குகிறது. கலர் மாறுகிற ரகத்தை இவர் ரிமோட்டோடு கையில் எடுத்துக்கொண்டார். எலிக்குட்டியும் இவரும் ஒரே மாதிரி வாயைத் திறந்துகொண்டு பார்த்தார்கள். பிடுங்கித் திருப்பி வைத்தேன்.

"இருக்கிறதுலயே வெள்ளை எதுங்க?"

"இது மேடம். ஊசி விழுந்தா தேடி எடுக்கலாம். ஆனா வெளிய உக்கார்றதுக்குன்னா மஞ்சள் எடுங்க, இதமா இருக்கும்."

"இதம் வேண்டாம்."

கடைக்காரர் இவரைப் பார்த்தார். இவர் கூரையைப் பார்த்தார்.

ஐந்து மீட்டர் வெள்ளை நாடா, அதைப் பதிக்க அலுமினியப் பட்டை, மேலே மூடப் பால் நிற மூடி, ஒரு சுவிட்ச், ஒரு ஃபியூஸ். பை சின்னதுதான். எனக்கு என்னவோ ஒரு மாத மருந்து வாங்கின மாதிரி நிம்மதி.

மார்ச் 8, ஞாயிறு

நாள் முழுக்க வேனோடுதான்.

முன்வாசலின் அகலம் மூன்றரை மீட்டர். நாடாவை நினைத்த இடத்தில் வெட்டக்கூடாது. கத்தரிக்கோல் படம் போட்ட இடத்தில்தான் வெட்ட வேண்டும். இவர் அதற்கு ஒரு விரல் தள்ளி வெட்டினார். கடைசி மூன்று பொட்டும் போச்சு. "பத்து மாடி ஏத்தி எறக்குறேன், ஒரு நாடா வெட்ட வரல," என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார்.

பெட்டிக்குக் கீழே ஓட்டை போட்டு, ரப்பர் வளையம் வைத்து, அதன் வழியாக வயரை உள்ளே விட்டோம். நுழைகிற இடத்துக்கு முன்னால் வயரைக் கொஞ்சம் தொங்கலாக விடச் சொன்னார். மழைத் தண்ணீர் வயரைப் பிடித்துக்கொண்டே வருமாம். தொங்கலின் அடியில் சொட்டிவிடும், உள்ளே வராது. எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. ரொம்ப நாளைக்கப்புறம் ஒரு விஷயத்தைச் சும்மா பிடித்துப்போய்ப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எல்லாம் மாட்டி சுவிட்சைப் போட்டால் எரியவில்லை. இவர் தரையில் உட்கார்ந்து முறைத்தார். "வயருல பிளஸ்ஸையும் மைனஸையும் மாத்திக் குடுத்துப் பாருங்க," என்றேன். எரிந்தது. "படிச்ச பொண்ணக் கட்டினா இதான்," என்றார்.

அந்த நேரம் பார்த்து இவருடைய அக்கா வந்தார். நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவது. தன் பையனுக்குச் சின்னதாகிப்போன சட்டைகளை ஒரு பையில் கொண்டுவந்திருந்தார்.

"என்னடா, கடை திறப்பு விழாவா?"

இவர் காரணத்தைச் சொன்னார். சொல்லியிருக்க வேண்டாம். அண்ணி எலிக்குட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "இவ மூச்சையும் நீயே எண்ணிட்டிருந்தா, இவ எப்பதான் விடுறது?"

விளையாட்டுக்குத்தான் சொன்னார். நானும் சிரித்தேன். அப்புறம் சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன், பாத்திரம் ஒன்றும் இல்லாமலே.

மார்ச் 10, செவ்வாய்

நான்கு முறை எழுந்து பார்த்தேன். நான்கு முறையும் உதடு இளஞ்சிவப்பு. ஐந்தாவது முறை எழவில்லையே என்று விடியும்வரை பயம்.

மார்ச் 14, சனி

கை இன்னும் நடுங்குகிறது. கிறுக்கலாக வருகிறது, வரட்டும்.

சாயங்காலம், லேசாக இருட்டுகிற நேரம், ஒத்திகை பார்க்கலாம் என்று வீட்டு வாசலிலேயே முன்வாசலை விரித்தோம். மடக்கு நாற்காலி இரண்டு. விளக்கைப் போட்டார். தெருவே வெளுத்துவிட்டது. எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார். எலிக்குட்டி ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு அந்த வெளிச்சத்தில் சுற்றிச் சுற்றி ஓடினாள். சிரித்தாள். ரெண்டு தடவ இருமினா.

கிட்ட இழுத்துப் பாத்தேன். நீலம். உதடு நீலம். நகமும். இழுப்புக்குக் குடுத்த மருந்து பம்ப்ப எடுத்து வாயில வச்சேன், அவ மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. இவர் வேன எடுக்கலாம்னு ஓடினார், முன்வாசல் விரிச்சு நிக்குது, நாப்பது சுத்து சுத்தணும் அத மூட. விடுங்க, விடுங்கன்னு கத்திட்டு புள்ளையத் தூக்கிக்கிட்டு முனைக்கு ஓடினேன். டாக்ஸி கெடச்சுது, இவரும் பின்னாலயே ஓடி வந்து ஏறிட்டார். பத்து நிமிஷம். பத்து நிமிஷமும் நான் அவ மூஞ்சியப் பாக்கல. பாக்க முடியல.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவள் விரலில் ஆக்சிஜன் பார்க்கிற கிளிப்பை மாட்டினார். தொண்ணூற்றெட்டு. முதுகில் குழல் வைத்துக் கேட்டார்கள். ஒன்றும் இல்லை. எலிக்குட்டி கிளிப்பைக் கழற்றி என் மூக்கில் மாட்டப் பார்த்தாள்.

"நல்லாத்தானே இருக்கா?" என்றார் நர்ஸ்.

"உதடு நீலமா இருந்துச்சு. நான் பாத்தேன்."

"எந்த வெளிச்சத்துல பாத்தீங்க?"

அந்த ஒரு கேள்வி.

இவள் பிறப்பதற்கு முன்னால் நான்கு வருஷம் பெயின்ட் கம்பெனியில் நிறம் பார்க்கிற வேலை செய்தேன். யார் எந்த நிற அட்டையைக் கொண்டுவந்தாலும் எங்கள் மேலதிகாரி தலை நிமிராமல் கேட்பது அதைத்தான்: எந்த வெளிச்சத்துல பாத்த? சாம்பல் நிறப் பெட்டிக்குள் வைத்து, மூன்று விளக்கிலும் பார்த்த பிறகுதான் ஒரு நிறத்துக்குக் கையெழுத்து. நானே எத்தனை பேரை அந்தக் கேள்வி கேட்டு விரட்டியிருக்கிறேன். கடையில் இருப்பதிலேயே நீலம் கலந்த வெள்ளையைக் கேட்டு வாங்கி, என் பிள்ளையை அதன் கீழே நிறுத்தி, நீலமாக இருக்கிறாள் என்று ஓடியிருக்கிறேன்.

நர்ஸ் திட்டவில்லை. "நிறத்த மட்டும் நம்பாதீங்க. மூச்சு விடும்போது விலாவுல குழி விழுதான்னு பாருங்க. சத்தத்தக் கேளுங்க. இழுப்புன்னா காதுக்கே தெரியும்," என்றார். அப்புறம், "நீங்க கடைசியா எப்ப தூங்குனீங்க?"

"நேத்து."

"நான் கேட்டது அது இல்லம்மா."

திரும்பி வரும்போது தெருமுனையிலிருந்தே தெரிந்தது. விளக்கு அப்படியே எரிந்துகொண்டிருந்தது. என் நாற்காலிக்கு அடியில் ஒரு தெருநாய் படுத்திருந்தது. இவர் கைப்பிடியை மாட்டி, நாற்பது சுற்றும் சுற்றினார்.

மார்ச் 15, ஞாயிறு

"வித்துடுங்க," என்றேன் காலையில்.

"நாளைக்குப் பேசலாம். பல்லத் தேய்."

மார்ச் 16, திங்கள்

விளக்குக் கடைக்காரரிடம் போய் மஞ்சள் வெள்ளை, நடு வெள்ளை இரண்டிலும் ஒரு ஜாண் துண்டு கேட்டேன். சும்மாவே கொடுத்தார். செருப்பு வந்த அட்டைப்பெட்டிக்குள் சாம்பல் நிறத் தாள் ஒட்டி, மூன்று துண்டையும் மாட்டினேன். எனக்கு ஒரு உதடு வேண்டும். எலிக்குட்டி நிற்கமாட்டாள்.

"வாங்க இங்க. உதட்டக் காட்டுங்க."

"கல்யாணமாகி அஞ்சு வருஷத்துல என் உதட்டுக்கு இவ்வளவு மரியாத இப்பதான்."

"பேசாதீங்க, அசையுது."

நாங்கள் வாங்கின வெள்ளையில் இவர் செத்து ஒரு நாள் ஆனவர் மாதிரி இருந்தார். மஞ்சளில் புது மாப்பிள்ளை. மஞ்சளைப் பார்த்ததும் எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அது இன்னும் மோசம். நிஜமாகவே நீலம் தட்டினால்கூட அதில் தெரியாது. நடு வெள்ளையில் மட்டும்தான், ஜன்னலோரம் பகல் வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்த அதே மனிதர்.

மூன்று முறை மாற்றி மாற்றிப் பார்த்தேன். இவர் முட்டி வலிக்கிறது என்றார். எனக்கு நேரம் போனதே தெரியவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

பழைய நாடாவை உரித்தோம். பசை விடவே இல்லை. ஸ்பிரிட் போட்டுத் தேய்த்துத் தேய்த்து விரல் நுனி எரிகிறது. புது நடு வெள்ளை நாடாவை நான்தான் வெட்டினேன், படம் போட்ட இடத்தில். இவர் டார்ச் பிடித்தார். "கை நடுங்காம வெட்டுறியே," என்றார். அப்போதுதான் நானும் கவனித்தேன்.

மார்ச் 19, வியாழன்

பை கட்டினேன். பிரித்தேன், மருந்து அடியில் போய்விட்டது. மறுபடி கட்டினேன். அண்ணி போன் பண்ணி, "போறியா, இல்ல இந்த தடவையும் வேனுக்குக் காவலா?" என்றார். போறேன் அண்ணி என்றேன். "பாத்துப் போயிட்டு வா," என்று மெதுவாகச் சொன்னார்.

போறேனா?

மார்ச் 21, சனி

நேற்று எழுதவில்லை.

நேற்று சாயங்காலம் வந்து சேர்ந்தோம். எங்களுக்கு ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பத்தடி தள்ளி ஒரு கூடாரம். இருட்டினதும் முன்வாசல் விளக்கைப் போட்டேன். எலிக்குட்டியின் உதடு எப்போதும் போல இருந்தது. பதினொரு முறை பார்த்தேன் என்று இவர் சொல்கிறார். எண்ணியிருக்கிறார்.

அவளை உள்ளே தூங்க வைத்து, அவள் முகத்தில் வெளிச்சம் விழுகிற மாதிரி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, நான் வாசலில் உட்கார்ந்திருந்தேன். அப்போது அந்தக் கூடாரத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். என்னைவிடச் சின்னவள். தோளில் ஆறு மாதக் குழந்தை, அவிழ்ந்த தலை, ஒரு காலில் மட்டும் செருப்பு.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. உங்க விளக்கு எங்க கூடாரத்துக்குள்ள நேரா வருது. இவன் கண்ண மூட மாட்டேங்கறான். நான் தூங்கி..." என்று நிறுத்திக்கொண்டாள்.

"இல்லம்மா, எங்க பாப்பாவுக்கு மூச்சு..." என்று ஆரம்பித்தேன். அவள் குழந்தையை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டு, நான் முடிப்பதற்காக நின்றாள். கண்ணுக்குக் கீழே கருப்பு. அது எந்த வெளிச்சத்திலும் கருப்புதான். இவர் நாற்காலியில் அந்தப் பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். திரும்பவே இல்லை. எனக்காக எதுவும் சொல்லப்போவதில்லை என்று புரிந்தது.

எழுந்து போய் சுவிட்சை அணைத்தேன்.

முதலில் ஒன்றுமே தெரியவில்லை. தடவித் தடவி உள்ளே போய் எலிக்குட்டியை ஒட்டிப் படுத்தேன். விலாவில் கையை வைத்தேன். குழி விழவில்லை. காதை அவள் வாய்க்குக் கிட்டே கொண்டுபோனேன். இழுப்பு இல்லை, பால் வாசனையோடு ஒரு சின்னக் காற்று, அவ்வளவுதான். எண்ண ஆரம்பித்தேன். முப்பதோ நாற்பதோ வரை நினைவிருக்கிறது.

இப்போது மணி எட்டரை. காலை. நடுராத்திரி நான் எழுந்து விளக்கைத் தேடி எதிலாவது முட்டிக்கொள்வேன் என்று இவர் விழித்துக்கொண்டே படுத்திருந்தாராம். நான் எழவே இல்லையாம். இவர் கண்தான் இன்றைக்குச் சிவந்து கிடக்கிறது.

தண்ணீர் ஓரம் எலிக்குட்டி கல் பொறுக்குகிறாள், இவர் பின்னாலேயே குனிந்து நடக்கிறார். இங்கிருந்து அவள் முதுகு மட்டும்தான் தெரிகிறது. டீ பாதி இருக்கிறது. குடித்துவிட்டுப் போகிறேன்.