யார் வீட்டுக் குரங்குகள்

07.06.2025, சனி

மத்தியஸ்த சபைக்குப் போய் வந்தேன். இன்று எல்லையில் நின்ற ஒரு தேக்கு மரத்துக்காகச் சண்டை. முக்கால் மணி நேரத்தில் இணங்கிக் கைகொடுத்துக்கொண்டார்கள். ஆறு வருடங்களில் நான் மத்தியஸ்தராக அமர்ந்து தீர்ந்த பிணக்குகளில் இது நாற்பத்து மூன்றாவது. நான் அதிகம் பேசுவதில்லை. பேசப் பயம். அதைப் பொறுமை என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள்.

09.06

ரம்புட்டான் பழுக்கத் தொடங்கிவிட்டது. குரங்குகளும் வந்துவிட்டன. சீனவெடி வாங்கினேன். காலை 6.15, 10.00, மாலை 4.30 என்று நேரம் குறித்திருக்கிறேன். கொளுத்திவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் ஓடுவது நான்தான். குரங்குகள் அவ்வளவு அவசரப்படுவதில்லை.

13.06

வெடிச் சத்தத்துக்கு அவை பக்கத்து வீட்டுப் புஷ்பவதியின் கூரைக்குத் தாவுகின்றன. இன்று இரண்டு கூரை சீட் உடைந்துவிட்டது. வேலியில் வந்து நின்று சத்தம் போட்டார்.

"ஒங்க கொரங்க எங்க பக்கம் ஏன் சேர் வெரட்டுறீங்க?"

"அது என்னுடைய குரங்கு இல்லையே" என்றேன்.

நாற்பத்து மூன்று பிணக்குகளைப் பார்த்தவன் சொல்கிற பதிலா இது?

18.06

ஐந்து நாட்களாகப் புஷ்பவதி பேசவில்லை. என் மனைவி காலமான பிறகு, இந்த நான்கு வருடமும், தினம் காலையில் வேலிக்கு அப்பாலிருந்து "சேர், எழும்பிட்டீங்களா?" என்று கேட்பார். நான் "ம்" என்பேன். அவ்வளவுதான் பேச்சு. ஆனால் மகள் கனடாவில். நான் ஒரு நாள் விழுந்து கிடந்தால், அன்றைக்கே அதை அறியக்கூடியவர் அவர் ஒருவர்தான். இப்போது விழாமல் கவனமாக நடக்கிறேன்.

மன்னிப்புக் கடிதம் எழுதினேன், மூன்று தடவை. மூன்றாவது நன்றாக வந்தது. மேசை லாச்சிக்குள் இருக்கிறது.

24.06

தபாலில் அழைப்புக் கடிதம். எங்கள் சபையின் முத்திரை! முறைப்பாட்டாளர் புஷ்பவதி, எதிராளி நான். இணங்காவிட்டால் இணங்கவில்லை என்று சான்றிதழ் கொடுப்பார்கள், அதைக் கொண்டு அவர் நீதிமன்றம் போகலாம். இதை எத்தனை பேருக்கு நானே விளக்கியிருக்கிறேன், எவ்வளவு அமைதியாக! இப்போது அதே வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். கோர்ட்டுக்குப் போயிட்டா அப்புறம் என்கிட்ட எங்க பேசப் போறாங்க —

28.06, சனி

நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

பழக்கத்தில் மத்தியஸ்தர் நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டேன். சபையில் என்னோடு இருக்கும் நோபர்ட், முன்னாள் தபாலதிபர், குனிந்து, "சேர், இன்னைக்கு நீங்க அந்தப் பக்கம்" என்றார்.

பிறகு, மத்தியஸ்தராக யார் வேண்டும் என்று கேட்டுப் பட்டியலைப் புஷ்பவதியிடம் நீட்டினார். அவர் அதைப் பார்க்கவே இல்லை.

"லெட்சுமணன் சேரப் போடுங்க."

"அம்மா, அவரு மேலதானே முறைப்பாடு?"

"அதுக்கென்ன? அவரு யாரு பக்கமும் சாயமாட்டாரு."

என் பக்கம்கூட நான் சாயமாட்டேன் என்று நம்பியிருக்கிறார். குரங்குகள் போகும் வழியை இரண்டு நிறத்தில் வரைந்து கொண்டுபோயிருந்தேன். அதை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

"சீட் ரெண்டையும் நான் மாத்தித் தர்றேன். அன்னைக்கே சொல்லியிருக்கணும். பயமா இருந்திச்சு."

"என்கிட்டயா பயம்? கொரங்குக்கே பயப்படாம வெடி போடுறீங்க!"

"கொரங்குக்கும் பயந்தான்."

அவர்தான் முதலில் சிரித்தார்.

இருவரும் ஒரே நேரத்தில் வெடி போட்டால் குரங்குகள் இரண்டு பக்கமும் நிற்காது என்று, மத்தியஸ்தராக அமர்ந்த நோபர்ட் சொன்னார். மத்தியஸ்தர் தானே தீர்வு சொல்லக்கூடாது என்பது எங்கள் பயிற்சியின் முதல் பாடம். ஞாபகப்படுத்தவில்லை. கையொப்பம் வைத்தோம்.

02.07

6.15. "சேர், ரெடியா? ஒண்ணு, ரெண்டு —" இரண்டு வெடியும் ஒன்றாக வெடித்தன. குரங்குகள் கூட்டமாகச் சரிவில் இறங்கிப் போயின. சரிவுக்குக் கீழே நோபர்ட்டின் தோட்டம். அதை அன்று சபையில் யாரும் யோசிக்கவில்லை, நோபர்ட் உட்பட.

11.07

சீட் மாற்றியாயிற்று. குரங்கு இல்லை. ரம்புட்டானும் முடிந்துவிட்டது. ஆனாலும் 6.15க்கு வெடி போடுகிறோம். உடன்படிக்கையில் முடிவுத் தேதி இல்லை.

22.07

இன்னோர் அழைப்புக் கடிதம். முறைப்பாட்டாளர் நோபர்ட். எதிராளிகள் இருவர்: நானும் புஷ்பவதியும்.

மத்தியானம் புஷ்பவதி தன் கடிதத்தோடு என் வாசலுக்கே வந்துவிட்டார்.

"பாத்தீங்களா சேர், அவரு சொன்னதத்தானே செஞ்சோம்! சனிக்கெழம ஒண்ணாவே போவோம். அங்க நீங்க வாயத் தொறக்காதீங்க, ஒடனே குத்தத்த ஒத்துக்குவீங்க. நான் பேசிக்கிறேன்."

எட்டரை பஸ் போதும் என்று நான் நேரம் பார்த்து வைத்திருந்தேன். ஏழேகால் பஸ்ஸில் போனால்தான் பக்கத்துப் பக்கத்தில் இடம் கிடைக்கும் என்கிறார்.

இணங்கிவிட்டேன்.