சாம்பிராணி காட்டிய பெட்டி

7 பிப்ரவரி 2025, வெள்ளி

குஷாய்குடாவிலிருந்து ஜீடிமெட்லா போய்ச் சேர்வதற்குள் பாதி உயிர் போய்விட்டது. ஆலைமேல் புகார் கொடுத்த யூசுப் பாய் வீட்டு மாடியில் தூசி அளக்கும் கருவியை வைத்தாயிற்று. ஒரு வாரத்துக்கான ஃபில்டர் தாள்களும் பெட்டியில் தயார். எதிரே மருந்து ஆலையின் புகைபோக்கி. பாயின் மகளுக்கு இது இழுப்போடு மூன்றாவது குளிர்காலம். "இந்தத் தடவையாச்சும் ஏதாவது நடக்குமா மேடம்?" என்றார். இருபதாம் தேதி அந்தப் புகார்மேல் விசாரணை. நடக்கும் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்?

17 பிப்ரவரி

எடை போட்டாயிற்று. எல்லாத் தாளிலும் தூசி வரம்பைத் தாண்டியிருக்கிறது. துள்ளியிருக்க வேண்டும். ஆனால் வெற்றுத் தாளும் எடை கூடியிருக்கிறது. கருவியில் மாட்டாமல் பெட்டியோடு சும்மா போய்த் திரும்பிய தாள் அது. அது எப்படிக் கனக்கும்? அது கனத்தால் மற்ற எதையும் நம்ப முடியாது.

18 பிப்ரவரி

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் என் மேலதிகாரி சாம்பசிவம் சாரிடம் சொன்னேன். "ஒரு பேப்பர்தானேம்மா. ரிப்போர்ட்ல போடாம விட்டுடு. யாருக்குத் தெரியும்?"

எனக்குத் தெரியுமே. பதினான்கு வருடமாக இதே வேலை. ஆலைக்காரன் இப்படி மறைத்திருந்தால் சும்மா விட்டிருப்பேனா?

19 பிப்ரவரி

பெட்டியை மோந்து பார்த்தேன். சாம்பிராணி. ஐயோ.

ஏழாம் தேதி காலை தாள்களுக்கு எண் ஒட்டிவிட்டு, மேஜையில் மூடாமல் வைத்துக் குளிக்கப் போனேன். என் வீட்டுக்காரரைக் கேட்டேன். "வெள்ளிக்கிழமைன்னு வீடு பூரா காட்டினேன். நல்ல காரியத்துக்குப் போறியேன்னு உன் பெட்டிக்கும் ரெண்டு சுத்து காட்டினேன்." முகத்தில் அவ்வளவு பெருமை. இந்த மனுஷனைத் திட்டவும் மனசு வரவில்லை; ஆனாலும் திட்டினேன்.

20 பிப்ரவரி

விசாரணையில் நானே எழுந்து சொன்னேன். இந்த வார அளவுகள் செல்லாது, மறுபடி எடுக்கிறேன் என்று. ஆலைத் தரப்பு வக்கீல் நன்றி சொன்னார். அந்த நன்றியை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

22 பிப்ரவரி

யூசுப் பாயிடம் நடந்ததைச் சொன்னேன். சாம்பிராணி என்றதும் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. உள்ளே மகள் இருமிக்கொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்டேன். "மாஃபி நக்கோ மேடம், மன்னிப்பெல்லாம் வேணாம். மாடி இங்கேயேதான் இருக்கு. நாங்களும் இங்கேயேதான் இருக்கோம்."

23 பிப்ரவரி

மறுபடி எடுத்து, அளவு குறைவாக வந்துவிட்டால்?

10 மார்ச்

இந்த முறை தாள்கள் வீட்டுக்கே வரவில்லை. வெள்ளிக்கிழமைகளில் என் வீட்டுக்காரர் தூபக்காலோடு நின்று, "உன் பெட்டி எதுவும் இல்லையே?" என்று கேட்டுவிட்டுத்தான் சாம்பிராணி போடுகிறார்.

இன்று எடை போட்டேன். வெற்றுத் தாளில் மாற்றமில்லை. பாய் வீட்டு மாடித் தாள்களில் தூசி போன தடவையைவிடக் குறைவு. ஆனாலும் வரம்புக்கு மேல். எல்லாம் சாம்பல் நிறம்.

இரண்டு முறை மோந்து பார்த்தேன். மருந்து நெடி மட்டும்தான்.