ஓடவிடக் கூடாத கடிகாரம்

கடல் தாண்டிப் போய் அங்கேயே இருந்துவிட்ட என் அண்ணாவுக்கு,

உன் கடிகாரத்தைப் பழுது பார்க்கக் கொடுத்தோம். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். மூன்று வருடம் கழித்து வாய் திறக்கிறவள் இதையா முதலில் சொல்லுவாள் என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். நீ சிரிப்பதாக நினைத்தால்தான் எனக்கு மேலே எழுத வருகிறது.

சைகோனில் அதை வாங்கிய அன்று நீ எழுதிய கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. சுவிட்சர்லாந்துக் கடிகாரம், தங்கக் கூடு, மணி மட்டுமல்ல, தேதியும் மாதமும் காட்டும், கீழே ஒரு சின்னச் சன்னலில் நிலா வளரும், தேயும் என்று இரண்டு பக்கத்துக்குப் பெருமை அடித்திருந்தாய். ஏன், அந்த ஊர் வானத்தில் நிலா வராதாமா என்று அம்மா எழுதச் சொன்னாள். பட்டாளத்து ஆஸ்பத்திரிக் குமாஸ்தாவுக்கு எதற்கு இந்த மிடுக்கு என்று என் பங்குக்கு நானும் ஒரு வரி சேர்த்தேன். அந்த ஒரு வரியை இப்போது அழிக்க முடியுமானால் அழித்துவிடுவேன்.

உன் கடைசிக் கடிதத்திலும் அதன் பேச்சுதான். ஒரு நாளைக்கு நாலு நிமிடம் பின்தங்குகிறது, இந்த ஊரில் யாரை நம்பி இதைத் திறக்கக் கொடுப்பது, நீ சொல்லேன் சுண்டு என்று கேட்டிருந்தாய். நல்ல கடையாகப் பார்த்துக் கொடு, கண்ட இடத்தில் கொடுக்காதே என்று பதில் போட்டேன். அது உன் கைக்கு வந்து சேர்ந்ததா?

பிறகு நகராட்சி மேரி ஆபீசுக்குக் கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்தார்கள். வீட்டில் பிரெஞ்சு படித்தவள் நான்தான் என்பதால் அம்மாவுக்கு நானே படித்துச் சொல்ல வேண்டியதாயிற்று. மார்ச் மாதத்தில், வடக்கே போன பட்டாளத்து வண்டி வரிசையில், வழியில் மரணம் என்று இருந்தது. எந்த நாள் என்று இல்லை. அம்மா அழக்கூட இல்லை. என்ன தேதி, என்ன தேதி என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

நாள் தெரியாமல் போனவர்களுக்கு அந்த மாதத்து அமாவாசையில் திதி கொடுத்துவிடலாம், தோஷமில்லை என்று ஐயர் சொன்னார். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. “ஊருல உள்ள நாள் தெரியாதவங்க கூட்டத்துல எம்புள்ளயும் போயி நிக்கணுமா?” என்றாள்.

நாலு மாதம் கழித்து உன் பெட்டி வந்தது. சட்டைகள், சீப்பு, என் கடிதங்கள், கைக்குட்டையில் சுற்றிய கடிகாரம். உன்னோடு வேலை பார்த்தவர் யாரோ சேர்த்துக் கட்டி அனுப்பியிருந்தார். கடிகாரம் நின்றுபோயிருந்தது. மாதம் மார்ச், தேதி இருபத்தொன்று, மணி மூன்று இருபது, சன்னலில் தேய்ந்த நிலா. அம்மா உடனே ஐயரை அழைத்துவரச் சொன்னாள். அவர் பஞ்சாங்கத்தைப் புரட்டி, பங்குனி மாசம், தேய்பிறை தசமி என்றார். கடிகாரத்து நிலாவும் பஞ்சாங்கத்து நிலாவும் ஒத்துப்போயின. அன்றைக்குத்தான் அம்மா வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

அதிலிருந்து வருடா வருடம் அந்தத் தசமியில் விழிதியூர்ச் சித்தப்பா வந்து உனக்குத் திதி கொடுக்கிறார். இலைக்குப் பக்கத்தில் உன் கடிகாரத்தை அம்மா வைப்பாள். மற்ற நாளெல்லாம் அது சாமி அலமாரியில் இருக்கும். யாரும் தொடக் கூடாது. சாவி கொடுத்தால் முள் ஓடிவிடும், முள் ஓடினால் தேதி மாறிவிடும், தேதி மாறினால் உன் நாள் போய்விடும். அம்மாவின் கணக்கு அப்படி.

ஆனால் கடல் காற்றுக்கு இதெல்லாம் தெரியுமா? சென்ற மழைக்காலத்தில் கண்ணாடிக்கு உள்ளே ஈரம் கோத்துக்கொண்டது. சாவி திருகும் குமிழைச் சுற்றிப் பச்சையாக ஏதோ பூத்தது. பிறகு நிலாவின் மேலேயே ஒரு பழுப்புப் புள்ளி விழுந்தது. அம்மா தினமும் அலமாரியைத் திறந்து அந்தப் புள்ளியைப் பார்ப்பாள். ஒரு நாள் அவளாகவே சொன்னாள், “நல்ல எடமா பாத்துக் குடுப்போம்டி. அழுக்க எடுத்தாப் போதும். ஓட விடக் கூடாதுன்னு சொல்லிடு.”

எங்கே கொடுப்பது அண்ணா, சொல். நீ என்னைக் கேட்ட கேள்வியை நான் யாரைக் கேட்பேன்?

ஊருக்கு வெளியே கொண்டுபோவதென்றாலே முன்பெல்லாம் பெரிய பாடு. இரண்டு வருடத்துக்கு முன், கண்ணாடி தளர்ந்திருக்கிறது, இறுக்கிக் கொண்டுவருகிறேன் என்று அம்மாவைச் சம்மதிக்க வைத்து, சித்தப்பா அதைக் கையில் கட்டிக்கொண்டு மாயவரத்துக்குப் புறப்பட்டார். பூவத்துச் சுங்கச் சாவடியில் மணி என்ன என்று கேட்டிருக்கிறார்கள். நடுப்பகலில் மூன்று இருபது காட்டும் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு எல்லை தாண்டுகிறவன் அதை விற்கத்தான் போகிறான் என்று அவரை உட்கார வைத்துவிட்டார்கள். சித்தப்பா சத்தியம் பண்ணி, பாதி வழியில் திரும்பி வந்தார். இப்போது அந்தச் சாவடி இல்லை. கொடி மாறி நாலு மாதம் ஆகிறது. நீ பார்த்த பிரெஞ்சு மூவர்ணம் இறங்கி வேறு மூவர்ணம் ஏறியிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் என் பிரெஞ்சுப் பாட நேரம் குறைந்துவிட்டது, நான் இந்த வயதில் இங்கிலீஷ் இலக்கணம் உருப்போடுகிறேன்.

அந்த இங்கிலீஷில்தான் சென்னையில் ஒரு பெரிய கம்பெனிக்குக் கடிதம் எழுதினேன். பளபளப்பான தாளில் பதில் வந்தது. முழுக்கப் பிரித்து, சுத்தம் செய்து, ஒரு மாதம் ஓட்டிப் பார்த்துத்தான் தருவார்களாம். ஓட்டிப் பார்க்காமல் தருவது அவர்கள் வழக்கமில்லையாம். மரியாதையான கடிதம், குறை சொல்ல ஒன்றுமில்லை.

புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சுக்காரர் கடைக்கும் எழுதினேன். கடையை மூடிவிட்டுச் சொந்த ஊருக்குக் கப்பல் ஏறப்போகிறார். இந்த மாதிரிக் கடிகாரம் தன் கைக்குப் பழக்கம்தான், கூடவே கொண்டுபோய்ச் செய்து அங்கிருந்து அனுப்புகிறேன் என்று அன்பாகவே எழுதியிருந்தார். படித்துச் சொன்னேன். ஒரு தடவை கடல் தாண்டிப் போனது போதும் என்றாள் அம்மா.

மிச்சம் இருந்தவர் நம் கடைத்தெரு யூசுப் பாய். டைம்பீஸும் சுவர்க் கடிகாரமும் பார்க்கிறவர். இவ்வளவு உயர்ந்த பொருளை அவரிடமா என்று எனக்குத் தயக்கம். அம்மாவுக்கு அந்தத் தயக்கமே இல்லை, நேராகப் போய் அவர் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். அவர் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். சைகோனில் கடிகாரக் கடையில் நாலு வருடம் உட்கார்ந்தவராம், எனக்கு அதுவரை தெரியாது.

“ஓட விட்டுடாதீங்க பாய். எந்த முள்ளும் எடம் மாறக் கூடாது. நிலாவும் மாறக் கூடாது” என்றாள் அம்மா.

ஓடுவதற்காகத்தானே அம்மா கடிகாரம் என்று அவர் கேட்கவில்லை. பிரித்தால்தான் சுத்தம் செய்ய முடியும், பிரித்தாலும் எல்லாவற்றையும் இருந்த இடத்திலேயே வைத்துத் தருகிறேன் என்றார். இடத்தைத் தேர்ந்தெடுக்க நாலு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன், அம்மா ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டாள்.

ஒரு வாரம் கழித்து நான் மட்டும் போனேன். யூசுப் பாய் கடிகாரத்தின் பின் மூடியைத் தனியே ஒரு துணியில் வைத்திருந்தார். லென்ஸை என்னிடம் கொடுத்து உட்பக்கத்தைப் பார்க்கச் சொன்னார். ஊசியால் கீறியது போலப் பொடி எழுத்தில் ஏதோ இரண்டு எழுத்து, பக்கத்தில் 19-3, நீ போன அந்த வருடம்.

“இது அந்த ஊரு கடைங்க வழக்கம் டீச்சரம்மா. பொருள் மாறிடக் கூடாதுன்னு பழுதுக்கு வாங்குற அன்னைக்கே கீறி வச்சுடுவாங்க. உள்ள சுத்தம் பண்ணவே இல்ல, பழைய எண்ணெ அப்படியே காஞ்சு கெடக்கு. வாங்கி டிராயர்ல வச்சதோட சரி.” உள்ளே இருந்த சுருளை ஊசி முனையால் தொட்டுக் காட்டினார். “ஒரு தடவ சாவி குடுத்தா இது ரெண்டு நாளு ஓடும். அதுக்கு மேல ஓடாது.”

எனக்குப் புரிய நேரமாயிற்று. பத்தொன்பதாம் தேதி நீ இதைக் கடையில் கொடுத்திருக்கிறாய். அன்று காலையில் கொடுத்த சாவி தீர்ந்து, இருபத்தொன்றாம் தேதி மூன்று இருபதுக்கு, யாரோ ஒருவர் கடை டிராயரில் இது நின்றிருக்கிறது. அப்போது உன் கை வேறெங்கோ இருந்திருக்கிறது. நீ திரும்பி வந்து வாங்கவில்லை. நண்பர் வாங்கி, கைக்குட்டையில் சுற்றிப் பெட்டியில் போட்டுவிட்டார். மூன்று வருடமாக நாங்கள் கும்பிட்டது உன் நாளை அல்ல, ஒரு சாவி தீர்ந்த நாளை.

யூசுப் பாயைப் பார்த்தேன். நானாகப் போய்ச் சொல்ல மாட்டேன், ஆனால் உங்கம்மா வந்து கேட்டால் பொய் சொல்லவும் மாட்டேன் என்றார். எல்லாவற்றையும் இருந்தபடியே வைத்துவிடுங்கள் பாய் என்று மட்டும்தான் எனக்குச் சொல்ல வந்தது. நல்ல கடையாகப் பார்த்துக் கொடு என்று உனக்கு எழுதியவள் நான். நீ பார்த்துக் கொடுத்திருக்கிறாய். இதற்கு நான் அழுவதா, என்ன செய்வது?

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சொல்லிவிடுவது என்று நினைத்தேன். வாசலில் அம்மா முறத்தில் எள் புடைத்துக்கொண்டிருந்தாள். தசமிக்கு ஐந்து நாள்தான் இருந்தது. சொன்னால் மிஞ்சுவது அமாவாசைதான். நான் சொல்லவில்லை அண்ணா. தைரியம் இல்லை என்று வைத்துக்கொள்.

கடிகாரம் திரும்பி வந்தது. மார்ச், இருபத்தொன்று, மூன்று இருபது, புள்ளியில்லாத நிலா. அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். யூசுப் பாய் என்னிடம் தனியாக ஒன்று சொன்னார். ஓடாத கடிகாரத்தைச் சரி செய்தேன் என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லையாம், ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பார்த்துவிட்டு, பிறகு முள்ளையும் நிலாவையும் பழைய இடத்தில் கொண்டுவந்து வைத்தாராம். சுருளில் கொஞ்சம் மிச்சம் இருக்கும், ஆட்டாதீர்கள் என்றார்.

நேற்று தசமி. சித்தப்பா பிண்டம் வைக்க இடம் போதவில்லை என்று கடிகாரத்தைச் சற்று நகர்த்தினார். அவ்வளவுதான், அது ஓட ஆரம்பித்துவிட்டது. அந்தச் சின்னச் சத்தம் முதலில் அம்மாவுக்குத்தான் கேட்டது. “ஓடுதுடி, நிறுத்துடி, அவன் நாளு போயிடும்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டார். சித்தப்பா கையில் தர்ப்பையோடு விழித்தார். எனக்கு அதை நிறுத்தத் தெரியவில்லை. குமிழைத் தொட்டால் இன்னும் ஏதாவது ஆகுமோ என்று பயம். எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

நாலு நிமிடம் ஓடித் தானாக நின்றது. மூன்று இருபத்துநாலு. தேதி மாறவில்லை. நான் பழையபடி திருப்பி வைக்கட்டுமா என்று கேட்டேன். அம்மா வேண்டாம் என்று தலையாட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இருக்கட்டும். நாலு நிமிஷம் கூட இருந்துட்டுப் போயிருக்கான்” என்றாள்.

அப்போது சொல்லியிருக்கலாம். நாலு நிமிடம் என்ன அம்மா, நாலு நாள்கூட இருந்திருக்கலாம், பத்து நாள்கூட இருந்திருக்கலாம் என்று வாய் வரை வந்தது. அல்லது அந்தப் பத்தொன்பதாம் தேதி சாயங்காலமே முடிந்துபோயிருக்கலாம். எனக்கு எது தெரியும்? ஐயர் விட்ட இடத்திலிருந்து மந்திரத்தைத் தொடர்ந்தார். நான் எள் கிண்ணத்தைச் சித்தப்பா பக்கம் நகர்த்தினேன்.

ஆனால் அண்ணா, ஒன்று மட்டும் என் கையில் கிடைத்தது. பத்தொன்பதாம் தேதி நீ உயிரோடு இருந்தாய். ஒரு கடை வாசலில் நின்று, இவனை நம்பலாமா என்று யோசித்து, மணிக்கட்டிலிருந்து அதைக் கழற்றிக் கொடுத்திருக்கிறாய். எந்தத் தாளிலும் எழுதாத செய்தி அது. இன்று அதே மார்ச் பத்தொன்பது.

அம்மா இருக்கிற வரைக்கும் தசமிதான் உன் நாள், என் வாயிலிருந்து வேறு வராது. எனக்குத் திதி தெரியாது, தேதிதான் தெரியும். இன்றிலிருந்து மாதம் முடியப் பதின்மூன்று நாள். அதில் ஏதோ ஒரு நாளில்தான் நீ போயிருக்கிறாய். எந்த வருடமானாலும் அந்தப் பதின்மூன்று நாளும் பள்ளிக்கூடம் போகுமுன் கொல்லைச் சுவரில் உனக்கு ஒரு பிடி சோறு வைப்பேன். ஒன்றையும் விடமாட்டேன். இன்று காலை வைத்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

யாரோடும் கூட்டத்தில் நிற்காமல் தனியாகவே வா.

நல்ல கடையாகப் பார்க்கச் சொன்ன உன் தங்கை,
சுண்டு என்கிற மீனாட்சி