மூன்றாவது சொல்

மார்ச் 4, செவ்வாய்

மதியம் ஆஸ்பத்திரியில் என் மனைவிக்குத் துணையாக இருக்கும் மகள் என் போனுக்குச் செய்தி அனுப்பினாள். அப்பாவுக்கு இப்போது படிக்கத் தெரியும், இங்கிலீஷிலேயே எழுது என்று நான்தான் பெருமையாகச் சொல்லியிருந்தேன்.

எழுத்துக்கூட்டிப் படித்தேன். "அம்மா பாஸ்ட்." அதற்கு மேல் கண் ஓடவில்லை. பாஸ் என்றால் பரீட்சையில் தேறுவது என்று நான் போகும் இங்கிலீஷ் வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் போன மாதம் எதிர்வீட்டுச் சீனக் கிழவர் இறந்தபோது அவருடைய மகனும் "பாஸ்ட் அவே" என்றுதான் சொன்னான். வயிற்றில் ஆபரேஷன் செய்து இரண்டு நாள் ஆனவளுக்கு என்ன பரீட்சை?

உடனே மகளைப் போனில் கூப்பிட்டேன். "அம்மா போயிட்டாளா?"

"ஐயோ அப்பா! மூணாவது வார்த்தையையும் படிங்க லா! பாஸ்ட் கேஸ். அம்மாவுக்குக் காத்து பிரிஞ்சிருச்சு. இனிமே கஞ்சி குடுக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு."

போனில் அவளுக்குப் பக்கத்திலிருந்து என் மனைவியின் குரல் கேட்டது. "படிக்கக் கத்துக்கிட்டதும் மொதல்ல என்னையத்தான் சாவடிச்சாரு, பாரு! சிரிக்க வைக்காதடி, தையல் வலிக்குது."

நானும் சிரித்தேன். இருந்தாலும் பயம் போகவில்லை. இப்போது ஐந்தாவது தடவையாக அதைப் படிக்கிறேன். இரண்டாவது சொல் வந்ததும் கண் அங்கேயே நின்றுவிடுகிறது. மூன்றாவது சொல்லின் மேல் விரலை வைத்துக்கொண்டுதான் முதல் சொல்லையே ஆரம்பிக்கிறேன்.