ஏழு முறை கழுவாத பொடி

திண்டிவனம்,
ஞாயிறு காலை.

அன்புள்ள அஸ்வினிக்கு,

பிராமி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். கொரியாவில் குளிர் விட்டதா? உனக்கென்று அம்மா கடலை வறுத்து மல்லாட்டை உருண்டை பிடித்து வைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் யாராவது போகிறார்களா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

நேற்று நீ போனில் அழுததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. விழுப்புரத்தில் படித்தபோது ஆய்வகத்தில் நாம் செய்த அதே இரும்பு ஆக்சைடு அங்கே மக்கர் பண்ணுகிறது, பழைய முடிவுகளே பொய் என்கிறார் பேராசிரியர், வெள்ளிக்குள் செய்து காட்டாவிட்டால் வேலை இல்லை என்றாய்.

முடிவுகள் நிஜம்தான். பொய் எழுதியவள் நான்.

அந்த நாட்களை எத்தனை முறை நினைத்துக்கொள்கிறேன் தெரியுமா? சூடான குழாய்க்குள் கரியமில வாயுவும் ஹைட்ரஜனும் போகும். நம் சிவப்புப் பொடி, வாயுவிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கி ஹைட்ரஜனிடம் தள்ளித் தண்ணீராக்கும். மிஞ்சிய கார்பனை ஒன்றோடொன்று கோக்கும். முதன்முதலாகக் கருவியின் திரையில், இரண்டு கார்பன் கோத்த எத்திலீனின் கோடு எழும்பியபோது, "ஏய் பிராமி, பொகையிலருந்து பெட்ரோலு பண்ணிக்கினு இருக்கோம்டீ!" என்று நீ குதித்த குதியில் ஸ்டூல் உருண்டது. அப்படிச் சிரித்து எத்தனை வருஷமாகிவிட்டது!

அந்தப் பொடியைச் செய்த நாளைச் சொல்கிறேன். இரும்பு உப்புக் கரைசலில் சலவைச் சோடாவை ஊற்றி, அடியில் படிவதை ஏழு முறை கழுவ வேண்டும். எங்கள் ஜைன வீட்டில் பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டோம் என்று உனக்குத் தெரியும். அன்று காலையிலிருந்தே நான் பட்டினி. பொழுதுக்குள் வீடு போய்ச் சாப்பிடும் அவசரத்தில் இரண்டே முறை கழுவிவிட்டு, நோட்டில் ஏழு என்று எழுதினேன். நீ என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டாய். "ஜல்தி ஏறுடீ, பொழுது போயிடப் போவுது" என்று ஸ்கூட்டரில் பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுபோய் விட்டவளும் நீதான்.

சலவைச் சோடாவிலிருந்து வந்து, கழுவாமல் தங்கிய சோடியம்தான் கார்பன் சங்கிலியை வளர்த்திருக்கிறது. நேற்று போனை வைத்த பிறகுதான் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். நீ ஒழுங்காக ஏழு முறை கழுவிக் கழுவி அதைத் துரத்திவிட்டாய், பாவி! இல்லை, பாவி நான்தான்.

இரண்டே முறை கழுவு. கடிதத்தைப் படமெடுத்து இப்போதே அனுப்புகிறேன், பேராசிரியரிடம் காட்டு. என் கல்லூரி வேலைக்கு என்ன வந்தாலும் வரட்டும்.

வெள்ளிக்கிழமை கோடு எழும்பினால் கூப்பிடு. எழும்பாவிட்டாலும் கூப்பிடு, திட்டுவதற்காகவாவது. வேலையில் மூழ்கிப் பட்டினி கிடக்காதே, பொழுதோடு சாப்பிடு.

உன்,
பிராமி