நவாபின் வயிறு

இன்று காலை எழுந்ததும் நான் முதலில் செய்த காரியத்தைக் கேட்டால் நீ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாய். வாசல் தெளிக்கவில்லை, பால் காய்ச்சவில்லை, முகம்கூடக் கழுவவில்லை. நேராக மொட்டைமாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கும் உன் பூனையின் மண் தட்டுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தேன். ஒரு குச்சியால் மண்ணைக் கிளறினேன். கிடைத்தது கெட்டியாக இருந்தது. சளி இல்லை, தண்ணீராக இல்லை, அந்தப் பழைய நாற்றம் இல்லை. ஆரோக்கியமான ஒரு பூனை எப்படிப் போகுமோ அப்படி.

கீழே இருந்து என் மாமியார் குரல் கொடுத்தார். "என்னம்மா, எப்படி இருக்குது?"

"கெட்டியா இருக்குது அத்தை!"

எதிர் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள். "அப்பாடா, காமாட்சித் தாயே" என்று கீழே அத்தை பெருமூச்சு விட்டது மாடிவரை கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பூனைக் கழிவைப் பார்த்துக் கண்ணீர் விடும் வயதா எனக்கு? உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

நவாபை உன் மகள்தான் கொண்டுவந்து விட்டாள். நீ கண்ணை மூடிய பிறகு வீட்டைக் காலி செய்துவிட்டு அவளும் அவள் அத்தாவும் சென்னைக்குக் கிளம்பிய நாள். அங்கே வாடகை வீட்டில் பூனை வளர்க்கக் கூடாதாம். ஒரு கூடையில் நவாப், ஒரு பையில் பாதி காலியான பூனைத் தீனிப் பாக்கெட், பழைய செய்தித்தாளில் சுற்றிய ஒரு தட்டு. "அம்மா இவனை உங்ககிட்டதான் விடச் சொன்னாங்க ஆன்ட்டி. இந்தத் தட்டும் உங்களுதாமே" என்றாள்.

என் தட்டுதான். கல்லூரி முதலாம் ஆண்டில் முதல்முறை உங்கள் வீட்டுக்கு வந்தபோது, தண்ணீர் மட்டும் போதும் என்று நான் நெளிந்ததை நீ கவனித்திருக்கிறாய். அடுத்த முறை வந்தபோது ஒரு புது எவர்சில்வர் தட்டை எடுத்து என் முன்னால் வைத்தாய். பாத்திரக்கடையில் என் பெயரின் முதல் எழுத்தை வெட்டி வாங்கியிருந்தாய். "இதுல கறி பட்டதே இல்ல, படவும் படாது. தைரியமா சாப்பிடுடி" என்றாய். அதன்பிறகு எத்தனை ரம்ஜான்! எனக்கென்று தனி அடுப்பில் தக்காளி சாதம். அதன் கரண்டியைத் தெரியாமல் யாராவது பிரியாணி அண்டாவில் விட்டால் நீ போடும் சத்தத்தில் தெருவே எட்டிப் பார்க்கும். நான் கூனிக் குறுகி உட்கார்ந்திருப்பேன். உனக்கு அது ஒரு சிரமமாகவே தோன்றியதில்லை.

பாக்கெட் தீனி தீர்ந்ததும்தான் எங்கள் வீட்டில் பிரச்சினை தொடங்கியது. உனக்குத் தெரியும், எங்கள் வீட்டில் முட்டைகூட நுழைந்ததில்லை. பக்கத்துக் கடையில் பூனைத் தீனி இல்லை. சரி, வரும்வரை பார்க்கலாம் என்று தயிர் சாதத்தைப் பிசைந்து வைத்தேன். நவாப் முகர்ந்து பார்த்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தான். ஆற்காட்டு நவாப் பரம்பரை என்று நீ சொல்வாயே, அந்தப் பார்வை.

"வந்த எடத்துச் சாப்பாட்டப் பழகிக்கணும்பா" என்று அத்தை அவனிடமே பேசினார். "நான் மாமியா வீட்டுச் சாப்பாட்டப் பழகிக்கலையா?"

பசி தாங்காமல் மறுநாள் சாப்பிட்டுவிட்டான். எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம். தயிரில் நல்ல கிருமிகள் உண்டு, குடலுக்கு நல்லது என்று போனில் படித்தது என் மனசாட்சியைச் சமாதானப்படுத்தியது. கடைக்குத் தீனி வந்த பிறகும் வாங்கப் போகவில்லை. சாப்பிடுகிறானே, பிறகென்ன?

விலங்கியல் படித்தவர்கள்தானே நாம் இருவரும். பூனை மாமிச உண்ணி என்று பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். பக்கத்து இருக்கையில் நீயும் அதையேதான் எழுதிக்கொண்டிருந்தாய். ஆனால் வீட்டுக்குள் ஒரு ஜீவன் வந்துவிட்டால் அதுவும் வீட்டு மனிதர்களில் ஒன்றாகிவிடுகிறது. எங்களுக்கு எது நல்லதோ அது அதற்கும் நல்லது என்று எப்படியோ நினைத்துவிடுகிறோம்.

கொஞ்ச நாளில் வயிற்றுப்போக்கு வந்தது. வயிற்றுக்குத் தயிர் நல்லதாயிற்றே என்று இன்னும் கொஞ்சம் தயிர் சேர்த்தேன். அதிகமானது. அத்தை தன் பங்குக்குக் கோயில் இட்லி வாங்கிவரச் சொன்னார். சுக்கு, மிளகு, சீரகம், பெருங்காயம் எல்லாம் போட்டது; மந்தாரை இலை வாசனையோடு அதை உதிர்த்து, தயிரில் ஊறவைத்து அவன் முன்னால் வைத்தார். "பெருமாளே சாப்பிடறாரு, உனக்கென்னடா?" எதிர் வீட்டுக்காரி கற்றாழைச் சோறு கொடுக்கச் சொன்னாள். நல்லவேளை, அதை மட்டும் செய்யவில்லை.

பிறகு நவாப் சாப்பிடுவதையே நிறுத்தினான். தறி அறையில் போய், தறிக்குக் கீழே இருட்டில் படுத்துக்கொண்டான். தூக்கினால் தோலுக்கு அடியில் முதுகெலும்பு ஒவ்வொன்றாகக் கையில் தட்டுப்பட்டது. அவனைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றபோது ஆஸ்பத்திரியில் நீ சொன்னது காதில் விழுந்தது. உன் கை அப்போது இப்படித்தான் எலும்பாக இருந்தது. மகளைப் பற்றிச் சொல்வாய், வீட்டைப் பற்றிச் சொல்வாய் என்று குனிந்தேன். நீ சொன்னது, "அவன் வயித்த மட்டும் பாத்துக்கோடி. மத்தத அவனே பாத்துக்குவான்." நான் சிரித்துவிட்டேன். நீயும் சிரித்தாய். நீ என்னிடம் கேட்டுக்கொண்டது அந்த ஒன்றைத்தான்.

மறு யோசனை இல்லாமல் ஆட்டோ பிடித்தேன்.

கால்நடை மருத்துவர் ஒரு பெண். நம்மைவிட இளையவர். நவாபை மேசையில் வைத்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "வீட்ல தறி இருக்குதா?"

"இருக்குது டாக்டர்."

"பட்டு நூல் ஏதாவது முழுங்கினானா? பிசிறு, அறுந்த இழை, ஜரிகை?"

தெரியாது என்று தலையாட்டினேன். இந்த ஊரில் பூனைக்கு வயிறு கெட்டால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறதாம். நூல் குடலில் மாட்டி இழுத்தால் குடலையே அறுத்துவிடும் என்றார். தறிக்குக் கீழே அவன் படுத்துக் கிடந்த இடம் கண் முன்னால் வந்தது. அங்கே எப்போதும் இழைகள் கிடக்கும். நாக்குக்கு அடியில் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், பிறகு ஸ்கேன் எடுத்தார். அந்தத் திரையில் எனக்கு எல்லாமே நூலாகத் தெரிந்தது. அவன் பிழைக்காவிட்டால் உன் மகளுக்கு எப்படிப் போன் செய்வேன், என்ன வார்த்தை சொல்லித் தொடங்குவேன் என்று மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நூல் இல்ல" என்றார். "ரத்தமும் பாத்துடறேன். சரி, என்ன சாப்பிடக் குடுக்கறீங்க?"

"தயிர் சாதம்."

பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அப்புறம்?"

"கோயில் இட்லி."

"பூனையைச் சைவமாக்கிட்டீங்களாம்மா?"

கோபமாகச் சொல்லவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் சொன்னார். பிறகு பொறுமையாக விளக்கினார். மாமிசத்தில் இருக்கும் சில சத்துகள் இல்லாமல் பூனையின் கண்ணும் இதயமும் கெட்டுவிடும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால், தயிர் ஒத்துக்கொள்ளாது. பெருங்காயம், வெங்காயம், பூண்டு, மசாலா எதுவும் கூடாது. கற்றாழை பூனைக்கு விஷம். நல்ல கிருமிகள் வேண்டும் என்று நான் நினைத்தது தப்பில்லை. ஆனால் பூனைக்கென்றே புரோபயாடிக் பொடி இருக்கிறது, அதைத்தான் தர வேண்டும். உப்பில்லாமல் வேகவைத்த கோழி, அதில் ஒரு சிட்டிகை இந்தப் பொடி, வேகவைத்து மசித்த பரங்கிக்காய் துளி. தேறிய பிறகு மெல்ல மெல்லப் பூனைத் தீனியைக் கலந்து பழக்க வேண்டும், கோழி மட்டுமே போதாது. "எதுவா இருந்தாலும் பட்டினி மட்டும் போடாதீங்க. பூனை சாப்பிடாம கெடந்தா ஈரல் கெட்டுடும்." உடல் வற்றியதற்கு ஊசி வழியாக நீர் ஏற்றி அனுப்பினார்.

கோழி. எங்கள் வீட்டில்.

ஆட்டோவை உங்கள் தெருவுக்குத் திருப்பச் சொன்னேன். உன் எதிர் வீட்டுப் பாத்திமா அக்கா கூடையைத் திறந்து நவாபைப் பார்த்ததும் "யா அல்லா" என்று அவனை வாங்கிக்கொண்டார். விஷயத்தைச் சொன்னேன். "நான் வேக வெச்சுத் தர்றேம்மா. ஆனா உப்புகூடப் போடாதேன்னு சொல்றியே, இது கோழிக்குச் செய்யற அவமானம் இல்ல?" அன்றிலிருந்து தினமும் வேலைக்குப் போகும் முன் அக்கா வீட்டில் டப்பாவை வாங்கி, திரும்பி வந்து மாடியில் வைத்துவிட்டுப் போவேன். அக்காவே நார் நாராகப் பிய்த்து வைத்திருப்பார். பொடியைத் தூவிக் கலக்குவது மட்டும் என் வேலை. ஸ்பூனால்தான், கையால் இல்லை. நீ கேலி செய்வாய் என்று தெரியும்.

பரங்கிக்காய் பொறுப்பை அத்தை எடுத்துக்கொண்டார். யாரும் கேட்கவில்லை. தினமும் ஒரு துண்டை ஆவியில் வேகவைத்து, மசித்து, சின்னக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு மூட்டு வலியோடு மாடி ஏறி வருவார். "மருந்துல பாதியாவது நம்ம சைவம்" என்பார்.

உடனே தேறிவிடவில்லை. முதலில் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டான். கோழி வெந்த தண்ணீரை வெதுவெதுப்பாக உதட்டில் தடவினேன். அப்போது நான் ஸ்பூனை மறந்துவிட்டேன், விரலால்தான் தடவினேன். நக்கினான். பிறகு கொஞ்சம் சாப்பிட்டான். நடுவில் நன்றாக இருந்தவனுக்கு மறுபடி வயிறு கலங்கியது. தன் சாப்பாட்டுத் தட்டில் ஒட்டியிருந்த தயிரை அவன் நக்கியதைப் பார்த்தும் விரட்டாமல் விட்டது தான்தான் என்று அன்று சாயங்காலம் அத்தை வந்து சொன்னார். "பாவம், ஆசையா நக்கினான்மா." அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

மெல்ல மெல்லத்தான் மாறியது. முதுகு ரோமத்தில் பளபளப்பு வந்தது. தறியின் கீழ் படுப்பதை விட்டான். அங்கே இப்போது என் வீட்டுக்காரர் தினமும் நெசவு முடிந்ததும் பிசிறுகளைக் கூட்டி அள்ளிவிடுகிறார், கதவும் சாத்தியிருக்கிறது. போன வாரம் டப்பா திறக்கத் தாமதமானதற்கு என் கணுக்காலை ஒரு கடி கடித்தான். நவாப் திரும்பி வந்துவிட்டான் என்று அப்போதே தெரிந்தது. இன்று காலை மண் தட்டில் பார்த்தது அதற்கான சான்றிதழ்.

நேற்றுப் பாத்திமா அக்கா டப்பாவைக் கொடுக்கும்போது, "மகளுக்குப் பேறுகாலம்மா, வெள்ளிக்கிழமை ஆம்பூர் போறேன். வர நாளாகும். என்ன செய்யப் போற?" என்றார். பார்த்துக்கொள்கிறேன் அக்கா என்று சொல்லிவிட்டேன். பூனைத் தீனியை அவன் முழுதாகப் பழகும்வரை கோழி வேண்டுமே. வீட்டில் சொன்னபோது, ஏதாவது ஹோட்டலில் சொல்லிவைக்கலாமா என்றார் இவர். அத்தை நவாபைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

நவாபின் மண் தட்டைக் கழுவிவிட்டு வந்து, குளித்து, நீ கொடுத்த தட்டில் இட்லி வைத்துச் சாப்பிட்டேன். அந்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்தேன். இத்தனை வருஷமாகியும் தேயவில்லை. அதில் கறி படாமல் நீ பார்த்துக்கொண்டாய். இனி நான் பார்த்துக்கொள்வேன். ஆனால் தடவிக்கொண்டிருக்கும்போதே இன்னொன்றும் தோன்றியது. நீ எனக்குச் செய்ததை, உன் வீட்டிலிருந்து வந்த ஒருவனுக்கு என் வீட்டில் செய்ய எனக்கு எது தடை?

இன்று வேலை முடிந்ததும் பாத்திரக்கடைக்குப் போகப் போகிறேன். ஒரு சின்னக் குண்டான், ஒரு கரண்டி, ஒரு தட்டு. மாடியில் இருக்கும் சின்ன அறையின் ஓரமாக ஒரு மின் அடுப்பு. வெள்ளிக்கிழமையிலிருந்து கோழியை நானே வாங்கி, நானே கழுவி, நானே வேகவைப்பேன். இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. இவரிடம் இல்லை, அத்தையிடம் இல்லை. தட்டில் 'ந' என்று வெட்டித் தரச் சொல்வேன். முதல்முறை அவன் முன்னால் வைக்கும்போது என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

"இதுல தயிர் பட்டதே இல்ல, படவும் படாது. தைரியமா சாப்பிடுடா."